தத்துவ அலமாரிக்குப் பின்னால்

தனியாக இருக்கிறவன் சும்மா இருக்க மாட்டான், எங்கேயாவது புலம்பி வைப்பான். நான் புலம்பி வைத்தது ஒரு நூலகத்தின் காற்றில்.

தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்து நூலகம் ஒன்றுக்கு வேலைக்குப் போன புதிது. அங்கே புதிதாக ஒரு வசதி வரவிருந்தது: டேப்லெட்டை அலமாரிக்கு நேரே பிடித்தால், திரையில் புத்தகங்களுக்கு மேலே விவரச் சீட்டுகள் மிதக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்பார்கள். அந்தச் சீட்டுகளை எழுதுவதுதான் என் வேலை. எட்டு மாத ஒப்பந்தம். அந்த வசதியின் திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம்.

மலையாளம் கேட்டால் எனக்குப் புரியும், நான் பேசினால் அவர்களுக்குப் புரியாது. அதனால் பேச்சே இல்லை. கேன்டீனில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். சோதனை என்ற பெயரில் தமிழில் சீட்டு எழுத ஆரம்பித்தேன். "இன்றும் தனிச் சாப்பாடு." "மேடம் சிரித்தால் மழை பெய்யும்." (தலைமை நூலகரைத்தான்! என்னிடம் 'ம்' என்பதற்கு மேல் பேசியதில்லை.) ஆள் வராத தத்துவ அலமாரியில், "இதன் பின்னால் நின்று அழலாம். யாரும் வரமாட்டார்கள்." என் லாகினில் மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன். தெரிந்தாலும் இங்கே தமிழ் வாசிக்க யார் இருக்கிறார்கள் என்ற தெனாவட்டு வேறு.

திறப்பு விழாவில் விருந்தினர் டேப்லெட்டைத் தூக்கினார். மேடையின் பெரிய திரையில் என் புலம்பல் மொத்தமும் மிதந்தது.

"இதில் எந்தா மேடம் எழுதியிரிக்குந்நே?" என்று விருந்தினர் கேட்டார்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மழைச் சீட்டை நிதானமாக வாசித்தார். "காலாவஸ்தா, சார்." (வானிலையாம்!) அடுத்து அழுகைச் சீட்டு. அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "தத்வசாஸ்த்ரம், சார்."

விருந்தினர் பக்தியோடு தலையாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், உங்களுக்குத் தமிழ்..."

"இந்த ஊரு ஸ்ரீவராகத்துத் தமிழ்த் தெருவுல பொறந்தவளுக்குத் தமிழ் தெரியாதா? எல்லாத்தையும் அழிச்சுடு. உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு."

"மன்னிச்சிருங்க மேடம். பேச ஆளில்லாம..."

"நான் மட்டும் இத்தனை நாளா யாரோட சாப்பிட்டேன்னு நெனச்சே?"

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். எனக்கு வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு தமிழர்கள் எட்டு மாதம் தனித்தனியாகச் சோறு தின்றிருக்கிறோம்.

இந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்றும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் போதும், "அத்தை, உங்க மகன் தத்வசாஸ்த்ரத்துக்குப் போயிட்டாக!" என்று என் மனைவி சத்தம் போடுவாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் சத்தம் போட்ட கையோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அந்த அலமாரிக்குப் பின்னால், எட்டு மாதத்தில், ஒரு ஆள் வந்ததில்லை.