கைப்பிடியில் அ.பி.

"இனிமே எந்த பிளம்பராவது இந்த வீட்டுப் படி ஏறினா, நான் இறங்கிடறேன்!"

சனிக்கிழமை காலை, சொட்டுகிற சமையலறைக் குழாயைச் சாட்சி வைத்து அவர் செய்த சபதம் இது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"குடை எடுத்துக்கிட்டு இறங்குங்க. மழை வர மாதிரி இருக்கு."

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் தம் உடம்பில் ஓடுவது அப்பாவின் ரத்தம், அது மெக்கானிக் ரத்தம் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அப்பா ஆயுசு முழுக்கத் தபால் பிரித்தவர்தான். இருந்தாலும் வீட்டில் எது உடைந்தாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஆணி அடிப்பார், முறுக்குவார், பசையைக் கொட்டுவார். பிறகு கம்பீரமாக, "ஒரு நாள் ஊறட்டும்" என்பார். மறுநாள் அந்தப் பொருள் புதுசு மாதிரி வேலை செய்யும்.

அந்தக் கைராசி மகனுக்கும் அப்படியே வாய்த்திருந்தது. இவர் கை வைத்த கடிகாரம் அன்றைக்கு ஓடாது. அலமாரிக் கதவு அன்றைக்கு மூடாது. இவர் அச்சகத்துக்குப் போய்த் திரும்பும்போது கடிகாரம் ஓடும், கதவு மூடும். ஊற வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா காலமாகி, அம்மா அக்கா வீட்டோடு போய்விட்ட பிறகு, அப்பாவின் கருவிப் பெட்டி இவருக்கு வந்து சேர்ந்தது. சுத்தியல், திருப்புளி, குறடு எல்லாம் தெரிந்த முகங்கள். அடியில் கிடந்த ஒன்றுதான் பிடிபடவில்லை. ஒரு முழ நீள இரும்பு. ஒரு முனை வளைந்து நடுவே பிளந்திருந்தது. மறு முனையில் பல் வைத்த வாய். பக்கத்தில் தீட்டிய விளிம்பு. மரக் கைப்பிடியில் ஆணியால் கீறிய இரண்டே எழுத்து: அ.பி.

"இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா..." என்று ஆரம்பித்தவள் வெங்காயத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க."

"அ.பி. அப்பாவின் பிள்ளைக்கு! எனக்குன்னே செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கார்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி. என்ன வேலைக்கு?"

"அது... ஒரு வேலைக்கு."

"இந்தப் பெட்டி அலமாரியில பாதியை அடைச்சுக்கிட்டு நிக்குது. திங்கட்கிழமை காலையில பழைய இரும்பு வண்டி வரும். அதுக்குள்ள இது என்னன்னு சொல்லிட்டா பெட்டி இருக்கட்டும். இல்லேன்னா வண்டியில ஏறட்டும்."

"அப்பா பெட்டியையா!" பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா என்று சொல்லித் தொட அவருக்கு மிச்சம் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

"அத்தையைக் கேட்டுப் பாருங்களேன்."

"அம்மாவையா?" விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவுக்கு ஆணிக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்படியா" என்றாள். அடுத்த வெங்காயம் சற்று வேகமாக நறுங்கியது.

இரும்புக் கடைக்காரர் கருவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கடையில வாங்கினது இல்ல சார். பட்டறையில சொல்லிச் செஞ்சது. ஆனா ஒண்ணு, இது எதையும் மாட்டற கருவி இல்ல. எல்லாப் பக்கமும் பிடுங்கறதுக்குத்தான்."

"பிடுங்கவா?"

"ஆமா. பிடுங்க, கழட்ட, பெயர்க்க." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?"

"தபால் பிரிக்கிற வேலை."

"அது பகல்ல. மத்த நேரத்துல?"

அப்பாவா? கதவு பெயர்க்கிற தொழிலா? கருவியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்தார். அ.பி.க்கு இப்போது வேறு அர்த்தம் தோன்றியது. அகப்பட்டால் பிடிப்பார்கள்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த அதிர்ச்சியிலேயே குழாயைப் பழுது பார்த்தார். நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகும் வரை முறுக்கினார். ஒரு பக்கம் சொட்டிய குழாய் இரண்டு பக்கம் பீச்சியது. "ஊறட்டும்" என்றார். குழாயைத் தவிர சமையலறையில் எல்லாம் ஊறியது.

திங்கட்கிழமை காலை, தெருமுனையில் பழைய இரும்பு வண்டியின் மணி கேட்டது. வேறு வழியில்லை. போனில் அம்மாவைப் பிடித்தார்.

"அம்மா, அப்பா யாருக்கும் தெரியாம எங்கயாவது போவாரா?"

"ஈசிசேரை விட்டு எழுந்திரிக்க மாட்டாரேடா. ஏன்?"

கருவியின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்கிட்டதான் இருக்கா! உங்கக்கா அவசரத்துல அந்தப் பெட்டியில போட்டுட்டாளா? மூணு மாசமா தேடறேன். அது அப்பாவோடது இல்லடா, என்னோடது!"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அ.பி.ன்னு போட்டிருக்கே?"

"அவருக்குப் பின்."

"அவருக்குப் பின்... எனக்குன்னு எழுதினதா?"

"உனக்கு எதுக்குடா? அவர் ரிப்பேர் பண்ணினதுக்குப் பின்! கோணலா அடிச்ச ஆணியைப் பிடுங்க ஒரு முனை. மூலை தேய முறுக்கின நட்டைக் கழட்ட ஒரு முனை. கொட்டின பசையைச் சுரண்ட அந்த விளிம்பு. அவர் ஆபீஸ் போனதும் எல்லாத்தையும் பிரிச்சு, சரியா மாட்டி வச்சிடுவேன்."

"அப்ப அப்பா ரிப்பேர் பண்ணின கடிகாரமெல்லாம் ஒரு நாள் ஊறினது?"

"கடிகாரம் என்ன ஊறுகாயாடா, ஊறறதுக்கு?"

போனை வைத்தார். வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர் எழுந்து நின்று அறிவித்தார். "கண்டுபிடிச்சிட்டேன்! அப்பா பண்ணின ரிப்பேரை ரிப்பேர் பண்ற கருவி. பெட்டி வண்டியில ஏறாது!"

"சரி, இருக்கட்டும்" என்றாள் மனைவி. வண்டிக்காரரைக் கையசைத்து அனுப்பிவிட்டாள்.

ஜெயித்த தெம்பில் அவருக்குத் தத்துவம் வந்தது. "பாவம் அப்பா! பக்கத்துலயே ஒருத்தி இத்தனை வருஷம் சரிபண்ணிக்கிட்டு இருந்திருக்கா, கடைசி வரைக்கும் தெரியலையே. இப்படியும் ஒரு ஏமாளி இருப்பாரா?"

தையல் மெஷினுக்குப் பின்னால் கைவிட்டுத் துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அதே இரும்பு. அதே பிளந்த முனை, அதே பல், அதே விளிம்பு. கைப்பிடி மட்டும் பிடித்துப் பிடித்துப் பளபளத்தது.

"கல்யாணத்தன்னிக்கு அத்தை கொடுத்தது."

அதில் கீறியிருந்த எழுத்து: இ.பி.

பிழை திருத்துபவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "இவருக்குப் பின்?" என்றார், ஈனஸ்வரத்தில்.

"நீங்க அச்சகத்துல மத்தவங்க தப்பைத் திருத்தறீங்க. வீட்டுல அதே வேலைதான்."

"கடிகாரம்?"

"ம்."

"அலமாரிக் கதவு?"

"ம்."

"என் சைக்கிள்?"

"அது மூணு தடவை."

மனைவி கருவியோடு குழாயடியில் குனிந்து, தேய்ந்த நட்டை அதன் பல்லில் கவ்வவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மணி ஒன்பதாச்சு, நீங்க வேலைக்குக் கிளம்புங்க. குழாய் சாயங்காலம் வரைக்கும் ஊறட்டும்."