மயிலு திருப்பிய கழுத்துகள்

காஞ்சிபுரத்தில் மிக அதிகமான கழுத்துகளைத் திருப்பியவர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதென்றால், எங்கள் பிள்ளையார்பாளையத்து மயிலுக்குத்தான் கொடுக்க வேண்டும். சினிமா நடிகை ஒருவர் காந்தி ரோட்டுக்குப் பட்டெடுக்க வந்த நாளையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

மயிலு ஒரு ஜவுளிக்கடையில் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். பார்டருக்கும் முந்தானைக்கும் வேண்டிய மயில், அன்னம், யானை எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட தாளிலும் பிறகு கம்ப்யூட்டரிலுமாகப் பதினேழு வருடம் வரைந்தவர். பெயர் அப்படித்தான் வந்தது. நாற்பதை நெருங்கும் வயதில், தன் மயில் நடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கைபேசியில் பாடம் பார்த்து அனிமேஷன் கற்க ஆரம்பித்தார். ஒரு விநாடி அசைவுக்கு இருபத்துநாலு படம் வரைய வேண்டும் என்று கேட்டதும் எனக்கே தலை சுற்றியது.

"ஒரு முந்தானைக்கு எத்தினி கட்டம் ரொப்பிருக்கேன் சார், இது இன்னா பெரிய வேலை?" என்றார் மயிலு.

மயில் நடந்தது. சென்னையில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கு அதை அனுப்பி வேலை கேட்டார். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் மயில் எங்கேயும் திரும்பவில்லையே என்று பதில் வந்தது. இரண்டாம் முறை மயில், அன்னம், யானை, குடை பிடித்த ஒரு மனிதர் என்று ஓர் ஊர்வலத்தையே அனுப்பினார். எல்லோரும் இடப்பக்கத்திலிருந்து வந்தார்கள், வலப்பக்கமாகப் போய்விட்டார்கள். ஸ்டூடியோ அதே பதிலை மறுபடி அனுப்பியது.

புடவையில் மயில் திரும்புவதில்லை. பதினேழு வருடமாக அதைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்த மனிதர் இவர். "எதிர்ல வந்து நின்னா அது மயிலா கோழியான்னே எனக்குத் தெரில சார்" என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஓர் உருவம் திரும்பி நம்மைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் கெடு. இதிலும் தேறாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதாக மனைவி கோமதியிடம் மயிலு வாக்குக் கொடுத்துவிட்டார். கோமதி அதை என்னிடம் வந்து சொன்னபோது முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"வாயால சொல்லிட்டாரு சார். ஆனா இத்த வுட்டுட்டு அந்தாளால இருக்க முடியாது. சோறு போட்டா, தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு குந்தினுக்கிறாரு."

மறுநாளிலிருந்து மயிலு ஊரைத் திருப்ப ஆரம்பித்தார். பேருந்து நிலையத்தில் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பார். முன்னால் போகிறவரை "அண்ணே!" என்று கூப்பிடுவார். அவர் திரும்புவதைப் படம் பிடித்ததும், "ஒண்ணியும் இல்லண்ணே, போய்க்கினே இருங்க" என்பார். முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் நாற்பத்து மூன்று கழுத்துகள், கன்னத்தில் இரண்டு அறைகள் என்று, கூடப் போய்க் கணக்கெழுதிய என் நோட்டில் இருக்கிறது. முதலில் கண் திரும்புகிறது, பிறகு மூக்கு, அப்புறம் தோள், கால் கடைசியில்தான் என்று கண்டுபிடித்தார். பெண்களுக்குக் கழுத்துக்கும் முன்பாகக் கை புடவைத் தலைப்புக்குப் போகிறதாம். போலீஸ்காரர் மட்டும் திரும்புவதே இல்லை, நின்றுவிடுகிறார். நாம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிறு என் அண்ணன் மகள் கல்யாணம். மயிலை அழைத்தது என் தவறு. பந்தி நடக்கும்போது வாசலில் நின்று "மாப்ள!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். முப்பது தலைகள் ஒன்றாகத் திரும்பின. சாம்பார் வாளியோடு திரும்பியவரும் அதில் ஒருவர். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை அத்துடன் முடிந்தது.

"எவன்யா அவன்?" என்று சம்பந்தி எழுந்தார்.

மயிலு மரியாதையாக அருகே போனார். "அண்ணா, இன்னொரு தபா ஊத்தச் சொல்லுங்கண்ணா. தல திரும்பி நின்ன அப்புறமும் சாம்பாரு திரும்பிக்கினே இருந்துச்சு. செரியாப் புடிக்கல."

அந்த வீட்டாரோடு இன்றுவரை எனக்குப் பேச்சு வார்த்தை சுமார்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்யூட்டரில் மயில், பீரோக் கதவு திறப்பதுபோலத் திரும்பியது. எட்டு நாள்தான் பாக்கி. அப்போதுதான் வைகாசி கருட சேவை வந்தது. கூட்டமெல்லாம் பெருமாளை அண்ணாந்து பார்க்க, என்னோடு வந்த மயிலு தெருமுனையில் குந்திக்கொண்டு வாகனத்தைத் தோளில் சுமப்பவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ், சாமி மேல இருக்காருய்யா" என்றார்.

"தெர்யும்ணா. அவரத் திருப்பறவங்க கீழதான இருக்கறாங்க."

வாகனம் முனையில் திரும்பியது. மயிலு துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்! வலப்பக்கம் திரும்பறதுக்கு மின்னாடி இடப்பக்கம் அரையடி போனாங்க. உள்பக்கத்து ஆளு நின்ன எடத்திலயே கால் மாத்தறாரு, வெளிப்பக்கத்து ஆளு ஓடறாரு. நான் எல்லாத்தையும் ஒரே மாரி திருப்பிக்கினு இருந்திருக்கேனே!"

பிறகு கைகூப்பினார். கும்பிட்டது பெருமாளையா, சுமந்தவர்களையா என்று நான் கேட்கவில்லை.

கெடு முடிவதற்கு முதல் நாள் காலையில் என்னையும் கோமதியையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பார்டரிலிருந்து இறங்கி மயில் நடந்து வந்தது. நின்றது. கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வளைந்து திரும்பி, எங்களைப் பார்த்தது. தலை நின்ற பிறகும் கொண்டை ஆடிக்கொண்டிருந்தது. கோமதி தன்னை அறியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "இன்னாங்க, நம்மளையே பாக்குது" என்றார்.

மயிலு மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது சென்னையில்தான் இருக்கிறார். அவர் படம் போடும் கார்ட்டூன் தினமும் மாலை ஐந்தரைக்கு வருகிறது. ஓர் அணிலும் ஒரு ரோபோவும் எதையோ தேடுகின்றன. எதை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடும். மயிலின் சொந்தப் பெயர் அதில் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. ஆகவே ஐந்தரைக்கு யார் என் வீட்டுக்கு வந்தாலும் ஆறு மணிவரை அவர்களையும் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறேன். பெயர் வரும்போது கைகாட்டுவேன். அவர்கள் பார்ப்பதற்குள் போய்விடும். நான் மட்டும் இதுவரை ஒருநாளும் தவறவிட்டதில்லை.