பாரிஸுக்குப் பார்சல் கொண்டுபோனவர்

மனிதர்களில் பார்சல்காரர் என்று ஓர் இனம் உண்டு. வன்னியில் இந்த இனம் விசா கிடைத்த அன்று பிறக்கிறது. அதுவரை அவர் உங்களைப் போல ஓர் ஆள்தான். ஐயாத்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புக் கட்டி ஓய்வுபெற்றவர். பாரிஸில் இருக்கும் மகள் ஜெயரூபியிடம் போக ஒரு மாத விசா எடுத்தவர். விசா வந்ததை மனைவி கமலாசனிக்கு மட்டும்தான் சொன்னார். மறுநாள் காலை கேற்றடியில் நான்கு பேர் பைகளோடு நின்றார்கள்.

“சின்னப் பார்சல்தான் அண்ணை.”

உலகத்தில் பெரிய பார்சல் எதையும் இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மா, எள்ளுருண்டை, ஒரு குழந்தைக்கு அரைஞாண் கயிறு, இன்னொருவருக்கு மூட்டுவலி எண்ணெய் என்று பெட்டி நிரம்பியபோது, ஐயாத்துரையின் சொந்த உடுப்பு இரண்டு காற்சட்டையும் ஒரு சுவெற்றரும் என்றாகியிருந்தது. மறுக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்துவிட்டு அதே சந்தைக்கு எப்படி மரக்கறி வாங்கப் போவது?

கடைசியாக வந்தவர் நேசமலர். கொக்கிளாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஐயாத்துரைக்கு அவரை முன்பின் தெரியாது. அது ஒரு காரணமா? வாய் தைத்த துணிப்பையில் இறால் கருவாடு. பையின் மேல் பேனையால் ‘சுஜிதன், கொக்கிளாய் நேசமலரின் மகன், பாரிஸ்’ என்று எழுதி, கீழே ஐந்து வருடப் பழைய முகவரி ஒன்று.

“இதை அவன்ர கையில குடுத்தால் காணும் அண்ணை. ஆள் எப்பிடி இருக்கிறான் எண்டு ஒருக்கால் கண்ணால பாத்துக்கொண்டு வாங்கோ. ரண்டு வருசமாய்ப் போன் இல்லை.”

“பாக்காமல் வருவனோ தங்கச்சி?” என்றார் ஐயாத்துரை. பார்சல்காரர் இப்படித்தான் சொல்வார். எடை பார்க்காமல் சொல்வார்.

சரி, பாரிஸை அவர் எப்படிப் பார்த்தார்? நடந்து.

“அப்பா, மெற்றோவில போங்கோ. பத்து நிமிசம்” என்றாள் ஜெயரூபி.

“சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்தது காணும் பிள்ளை. நான் மேலால போறன்.”

இடது கையில் முகவரித் துண்டு, வலது கையில் பை, தலையில் மருமகனின் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு தெருவையும் கிளிநொச்சிக் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கந்தசுவாமி கோயிலடி மட்டும் எவ்வளவு, அதில் பாதியா முக்காலா என்று அளந்துகொண்டு, யாரோ பிரெஞ்சில் சொன்ன வழிக்கெல்லாம் “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு எதிர்த் திசையில் திரும்பி, நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து அவர் நடந்தார். ஈபிள் கோபுரத்தடியால் இரண்டு தரம் போனார். அங்கால் ஒரு வீட்டுக்கு மிளகாய்த்தூள் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாரா? பார்த்தார். மழை வருமா என்று.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சடங்கு. தேத்தண்ணி வரும். பார்சல் பிரிபடும். “தூள் கறுத்துப்போச்சு, அம்மா கூட வறுத்திட்டா” என்று குறை வரும். பிறகு பார்சலைப் பிடித்தபடி ஒரு படம். அது உடனே ஊருக்குப் போகும்.

பத்து நாளில் சுஜிதனின் பை மட்டும் மிஞ்சியது. முகவரியில் இருந்த கதவைத் திறந்தவர் வேற்று நாட்டுப் பெண். ஐயாத்துரை “சுஜிதன்” என்றார். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஐயாத்துரை இன்னும் உரத்து, “கொக்கிளாய்ச் சுஜிதன்” என்றார். ஊர்ப் பெயரும் சேர்த்துச் சொன்னால் எவருக்கும் ஆளைத் தெரியவேண்டுமே. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

பிறகு தமிழ்க்கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்கு நடந்தார். அங்கே முடிவெட்டும் கடை வைத்திருந்த பிரதாபன் கேட்டான்:

“எந்தச் சுஜிதன் ஐயா? இஞ்ச பத்துப் பேர் இருக்கினம். விசா உள்ளவனோ, இல்லாதவனோ?”

“கொக்கிளாய் நேசமலரின்ர மகன். நல்லா நீந்துவானாம்.”

“இஞ்ச ஆர் ஐயா நீந்துறது?” என்று சிரித்த பிரதாபன் கத்தரிக்கோலை நிறுத்தினான். “பொறுங்கோ. அவன் என்னோட ஒரே அறையில இருந்தவன். அகதிக் கேசை ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். லண்டனுக்குப் போறன் எண்டு கலேக் கடற்கரைப் பக்கம் வெளிக்கிட்டவன். ரப்பர் போட், காத்து நேரம், வேண்டாமடா எண்டனான். ‘கடல்தானே அண்ணை, எனக்கென்ன பயம்’ எண்டான். ரண்டு வருசம். ஒரு கதையுமில்லை.”

“போய்ச் சேர்ந்திருப்பான் என்ன?”

பிரதாபன் அடுத்த ஆளின் கழுத்தில் துணியைக் கட்டினான்.

மிச்ச நாட்கள் முழுவதும் ஐயாத்துரை பையோடு நடந்தார். உணவகங்களின் பின்கதவடியில் சிகரெட் பிடித்து நின்ற தமிழ்ப் பெடியள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். “அப்பா நல்லா ஊர் சுத்துறார்” என்று ஜெயரூபி தாய்க்குப் போனில் சொன்னாள்.

கொண்டுபோன பார்சலைத் திருப்பிக் கொண்டுவரும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. கடைசி நாள் பையைப் பிரித்து மகளிடம் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னார். இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நேசமலர் வந்தார். வெளிக் கதிரையில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

“கண்டனீங்களோ அண்ணை?”

“கண்டனான். நல்லா உடம்பு வைச்சிட்டான். ஹோட்டல் வேலை, பகலும் இரவும். போனும் துலைஞ்சு போச்சாம்.”

“படம் ஒண்டும் எடுக்கேல்லையோ?”

“என்ர போனில சார்ஜ் இல்லை தங்கச்சி.”

நேசமலர் இப்போதுதான் கதிரையில் இருந்தார்.

“கருவாடு சாப்பிட்டவனோ? உப்புக் கூடிப்போச்சோ எண்டு எனக்கு ஒரே யோசினை.”

“இல்லை” என்றார் ஐயாத்துரை. “உப்பு அளவு.”

அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். நேசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததாகப் பாரிஸுக்கு யார் போகிறார்கள் என்று விசாரித்தார்.

ஐயாத்துரையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பாஸ்போட் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எங்கேயோ போய்வந்த ஒருநாள், நின்றபடியே கேட்ட யாருக்காவது “நல்லா உடம்பு வைச்சிட்டான்” என்று நீங்கள் சொல்லவில்லையா? சொல்லவில்லை என்றால் பயப்படாதீர்கள், உங்கள் முறையும் வரும். கொக்கிளாயிலிருந்து காலை பஸ் வெளிக்கிட்டுவிட்டது.