ஒரு சக்கரத்துக்கு இரண்டணா

செங்கோட்டை,
ஈசுவர வருஷம் புரட்டாசி 9-ந் தேதி

தென்காசியில் இருக்கும் அண்ணாச்சி தளவாய் அவர்கள் பாதத்துக்குத் தங்கை முருகம்மாள் விழுந்து கும்பிட்டு எழுதுவது. அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும் புதிதாக ஈன்ற பசுவும் சுகமாக இருக்கக் காசி விசுவநாதர் துணை. இங்கே நானும் சுகம் என்று எழுதச் சொல்லி மகள் தங்கபுஷ்பம் பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மருமகன் உங்களுக்கு என்னைப் பற்றி எழுதினதும் தெரிந்தது. "முருகு, உனக்குப் புத்தி பேதலித்துப் போனதா, சக்கரம் வாங்கி விற்கிறாயாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கவில்லை அண்ணாச்சி, வாங்கத்தான் செய்தேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது கோணலாக இருந்தாலும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

தை மாதம் உங்கள் மச்சானும் நானும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டோடு வந்தபோது, ஐந்து மைல்தானே என்று நீங்களே வண்டி ஏற்றிவிட்டீர்கள். ஐந்து மைல்தான், ஆனால் சுங்கச் சாவடி தாண்டினால் திருவிதாங்கூர் மகாராஜா சீமை, இங்கே அணா இல்லை, பைசா இல்லை, எதற்கெடுத்தாலும் சக்கரம். இந்த ஊர் ரூபாய்க்கு இருபத்தெட்டு சக்கரம், நம் ரூபாயைக் கொடுத்தால் இருபத்தெட்டரை, அந்த அரைச் சக்கரத்தை ஒரு கடைக்காரன் தருகிறான், ஒரு கடைக்காரன் மறந்துவிடுகிறான். உங்கள் மச்சானைத்தான் தெரியுமே, குற்றாலத்தில் இருபது சீசன் பேரருவிப் பக்கம் எண்ணெய் விற்றபோது மலைக்கு அந்தப் புறத்திலிருந்து குளிக்க வருகிறவர்கள் சக்கரத்தை நீட்டினால், "இது பிரிட்டிஷ் தண்ணி, பிரிட்டிஷ் எண்ணெய், அந்தத் துட்டை மடியில வையும்" என்று திருப்பிக் கொடுத்த மனிதர். இங்கே வந்தும் அதே பிடிவாதம். பொடி தீர்ந்தால் அரையணாப் பொடிக்கு ஓரணா வண்டிக்கூலி கொடுத்துத் தென்காசிக்குப் போவார்கள். ஏன் இந்த வீண் செலவு என்று கேட்டால், "செல்லுத காசக் கொடுத்து வாங்குனாத்தான் தும்மல் வருது" என்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் ஆடி பன்னிரண்டாம் தேதி காலையில் பல் விளக்கப் போன இடத்தில் சாய்ந்துவிட்டார்கள். நீங்கள் வந்து சேருவதற்குள் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, காசு ஒட்ட வேண்டும் என்றதும் மருமகனின் பெரியப்பா தம் மடியில் கைவிட்டு அகப்பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார். நான் பார்த்தேன் அண்ணாச்சி. செம்புச் சக்கரம், சங்கு முத்திரை மேலே தெரிகிறது. நாலு பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்து மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் "கொஞ்சம் பொறுங்கள், சில்லறை மாற்ற வேண்டும்" என்று ஒருத்தி சொல்ல முடியுமா. வாழ்நாளெல்லாம் கையால் வாங்காத காசோடு அவர்களை அனுப்பிவிட்டோம். போன இடம் எந்த ராஜாவின் சீமையோ, யார் கண்டது. இது செல்லாது என்று அங்கே ஒருவன் சொல்லிவிட்டால் திரும்பி வர வழி உண்டா. வாதாடவும் அவர்களுக்கு வராது, கோபம்தான் வரும், வெறும் வயிற்றோடு நிற்பார்கள். பதினாறு நாளும் எனக்கு இதே நினைப்பு.

பதினேழாம் நாள் சுடுகாட்டு வேலை பார்க்கும் சுடலையாண்டி அரிசி வாங்கப் புறவாசலுக்கு வந்தான். நான்தான் மூன்று மாதம் படி இறங்கக் கூடாதவள் ஆயிற்றே, உள்ளே நின்றபடியே கேட்டேன்.

"ஏப்பா, அன்னைக்கு நெத்தியில இருந்த காசு எங்க?"

"அது எனக்கு உள்ள பாத்தியம் ஆச்சி."

"இல்லைன்னு யாரு சொன்னா. அதை எங்கிட்டத் தா, பதிலுக்குப் பிரிட்டிஷ் ரெண்டணா தாரேன். அவுக பேருல மாத்திக்கிட்டதா இருக்கட்டும்."

அவன் சிரிக்கவில்லை, யோசித்தான். "நல்லக்கண்ணு அய்யா கொடுத்து வச்சவுக. போன பொறவும் காசு மாத்திக் கொடுக்க ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா. ஆனா அது அன்னைக்கே வெத்திலைக்குப் போயிட்டு ஆச்சி. எங்க போயிரும், இந்த ஊருக்குள்ளதான் சுத்தும். சொல்லி வைக்கேன்."

சொல்லி வைத்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் வெற்றிலைக் கடை முகம்மது மீரான் வந்தார். ஒரு சக்கரத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, "இதுவாத்தான் இருக்கணும் ஆச்சி, நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார், நல்ல மனிதர். பிறகு சொன்னார்: "நல்லக்கண்ணு அண்ணாச்சி எங் கடையில ஒருநாளும் மிச்சச் சில்லறை வாங்குனதில்ல. அந்தத் துட்டு எனக்கு வேண்டாம், நாளைக்கு வெத்திலையாக் கொடுன்னுவாவ. அப்படி இன்னும் எட்டு வெத்திலை அவுகளுக்குப் போக வேண்டியிருக்கு" என்று வாழை இலையில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். எனக்கு இனி வெற்றிலை எதற்கு. வாங்கி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன், நாலு நாளில் பழுத்துவிட்டது.

அதற்குப் பிறகு மோர்க்காரி இசக்கி கொண்டுவந்தாள், நெற்றிச் சந்தனம் மாதிரி காசு முழுக்க மஞ்சள். ஏட்டி, அவுக போய் ஒரு மாசமாகுது, மஞ்சள் இன்னும் ஈரமா இருக்கே என்றேன். "மோர்ப் பானைக்குள்ள விழுந்துட்டு ஆச்சி, அதான்" என்கிறாள். ஆனால் உப்புக் குறைவு, உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டே உங்கள் மச்சான் மூன்று செம்பு குடிப்பதை அவள் நடித்துக் காட்டினாள் பாருங்கள், மூக்கை உறிஞ்சுவது உட்பட அச்சாக அவர்களேதான். ரெண்டணா கொடுத்தேன். ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் சொரிமுத்து ஒரே தடவையில் மூன்று சக்கரத்தோடு வந்தான், மூன்றும் மாமா நெற்றியில் இருந்தவைதானாம்.

"ஒரு நெத்தியில மூணு காசாலே?"

"பெரிய நெத்தி ஆச்சி."

நெற்றி பெரியதுதான், அதை நான் எப்படி மறுக்க. அப்புறம் அவன் சொன்னான்: "நல்லக்கண்ணு மாமா தினம் சாயங்காலம் ரயில் மேடையில வந்து நிப்பாவ. எங்கயும் போணுமா மாமான்னு கேட்டா, இல்லலே, இது எங்க ஊரு வழியாத்தான போவுது, பாத்துட்டுப் போறேன்னுவாவ." என்னிடம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் அந்த நேரம் தென்காசி நினைப்புத்தான் வரும், அவர்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஆறு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படி ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். மூன்று காசுக்கும் ஆறணா கொடுத்தேன்.

போன திங்கட்கிழமை மருமகன் சாப்பாட்டுக்கு வந்தபோது புறவாசலில் ஏழு பேர் வரிசையாக நின்றிருக்கிறார்கள். அவர் இதுவரை என்னிடம் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அன்றைக்கும் போடவில்லை, கணக்குத்தான் போட்டார். "அத்தை, இருபத்தெட்டரைச் சக்கரத்துக்கு ஒரு ரூவா ஊர் வழக்கம். நீங்க எட்டுச் சக்கரத்துக்கு ஒரு ரூவா கொடுக்கீய. இப்படியே போனா மகாராஜா அடிக்கிற சக்கரம் பூராவும் நம்ம புறவாசலுக்கு வந்திரும்" என்றார். தங்கபுஷ்பம் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு சக்கரம் சேர்ந்திருக்கிறது, கொடுத்தது ஐந்து ரூபாய் இரண்டணா. மாற்றினால் ஒரு ரூபாய் ஏழணாத்தான் வருமாம். மூன்று ரூபாய் பதினோரணா நஷ்டம். இதைத்தான் அவர் உங்களுக்கு எழுதியது. புறவாசல் கதவுக்கு நாளை முதல் தாழ்ப்பாள் போடச் சொல்லியிருக்கிறார், அவர் மேல் குற்றம் இல்லை.

ஆகையால் அண்ணாச்சி, உங்களுக்குச் சத்தியம் செய்து எழுதுகிறேன். நான் ஏமாந்துதான் போனேன். இனி ஒரு சக்கரமும் வாங்க மாட்டேன். உங்கள் மச்சான் வைத்துவிட்டுப் போன எழுபது ரூபாயில் மிச்சம் அறுபத்து நாலு ரூபாய் பதினாலணா இருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து அதை வாங்கிக்கொண்டு போய் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், என் கையில் சல்லிக்காசு வேண்டாம். போகிற வழியில், அவர்கள் சாம்பலைக் கரைத்த இடத்தில் சிற்றாற்றில் ஒரு நல்ல பிரிட்டிஷ் காசைப் போட்டுவிடுங்கள். அதோடு என் கவலை தீர்ந்தது. காசு கைமாறிக்கொண்டே இருக்கிற சாமான், அதைத் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று மருமகன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

மதினிக்கு என் அன்பு. பசுவுக்குக் கண்பட்டுவிடாமல் கறுப்புக் கயிறு கட்டச் சொல்லவும். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
தங்கை முருகம்மாள்

பி.கு.: மருமகன் மேலே எழுதியதை வாசித்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் பீர் மைதீன் சோறு சாப்பிடுகிறார், அதற்குள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். பணத்தையும் தர மாட்டேன். ஒரு காசைத் தேடி நாற்பத்தொன்று வந்தால் அதில் ஒன்றுகூட அந்தக் காசு இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை அண்ணாச்சி, மீரான் வந்த அன்றைக்கே தெரியும். இந்த வீட்டில் நான் அழுவேன் என்று பயந்து யாரும் அவர்கள் பேச்சை எடுப்பதில்லை. மருமகன் 'காலஞ்சென்றவர்' என்கிறார். தங்கபுஷ்பம் அதுவும் சொல்வதில்லை. நான் நாற்பது வருஷமாக வாயால் சொல்லாத பேர், இனி எப்படிச் சொல்வேன். புறவாசலுக்கு வருகிறவர்கள்தான் அந்தப் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள். அதற்கு ரெண்டணா அதிகமா. என்னிடம் சில்லறை தீர்ந்துவிட்டது, நோட்டை உடைத்தால் மருமகனுக்குத் தெரிந்துவிடும். அதனால் சதுர ரெண்டணாவாக இரண்டு ரூபாய்க்கு மாற்றி, மேலே மிளகாய் வற்றல் போட்டு மூடி, பீர் மைதீனிடமே கொடுத்து அனுப்பவும். தாழ்ப்பாளை நான் உள்ளே இருந்து திறந்துகொள்வேன். சொரிமுத்து வெள்ளிக்கிழமை அவன் அண்ணனைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். குற்றாலத்தில் பத்து வருஷம் உங்கள் மச்சான் கடைக்கு எண்ணெய் டின் சுமந்தவனாம். வாய் ஓயாமல் பேசுவானாம்.