நிலவைக் காக்கப் புறப்பட்ட எட்டுச் சிறுகலங்கள்

விண்வெளிப் போரில் சிறுகலங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் குளச்சல் வட்டாரத்தில் அன்று யாருக்கும் தெரியாது. (போட்டிக்கு வேறு ஆளே இல்லை என்பது தனி விஷயம்.) பௌதிகம் படித்துவிட்டுக் கடற்கரைப் பெண்கள் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஆண்டு விழாவுக்குப் பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார். அவருக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

"சயன்ஸா ஒரு நாடகம் போடணும், கேட்டீளா," என்றார் தலைமையாசிரியை. வேறு யாராவது என்றால் செடிகொடிகளைப் பேசவைத்திருப்பார்கள். நான் சனிக்கிரகத்தாரை நிலவின்மேல் படையெடுக்கவைத்தேன்.

அவர்களுடைய ராட்சதக் கப்பல் நான்கு பெஞ்சுகளை அடுக்கிச் செய்தது. நம் தரப்பில் எட்டுச் சிறுகலங்கள்: மூங்கில் சட்டத்தில் ஈயத்தாள் ஒட்டி, ஒவ்வொரு மாணவியின் தோளிலும் மாட்டியது. மேடையோரம் பிரம்போடு நின்று போர்த் தந்திரத்தை விளக்குவது நான். ஒன்று, பெரிய கப்பலின் பீரங்கி மெதுவாகத்தான் திரும்பும். இரண்டு, சிறுகலம் அதன் வயிற்றுக்கடியில் புகுந்துவிடும். மூன்று, எட்டில் ஒன்று வீழ்ந்தால் நட்டம் அற்பம். மற்றவை நிற்காமல் தாக்க வேண்டும். இந்தத் தந்திரத்தில் இன்றும் ஒரு பிழை கிடையாது.

ஒத்திகைகளில், சட்டம் முறிந்துவிடுமே என்று, "இங்கே மேரி விழுகிறாள், மேலே போங்கள்," என வாயால் சொல்லிக் கடந்துவிடுவேன். விழாவன்று மேரி உண்மையாகவே விழுந்தாள். கடற்கரை வரை கேட்கும் ஓர் அலறலோடு விழுந்தாள்.

எட்டுப் பேரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கரையில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தால் மற்ற மரங்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திரும்பும். திரும்பாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. வயல்காட்டில் வளர்ந்த எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. "இதோ, நம் கலங்கள் திரும்பிப் பாராமல் முன்னேறுகின்றன!" என்று நான் முழங்கிய நேரத்தில் ஏழு கலங்களும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, விடுங்கட்டி! நான் சாவணும்னு டீச்சர் எழுதியிருக்காவ!" என்று கிசுகிசுத்தாள் மேரி. (கடைசி வரிசைக்கும் கேட்டது.)

"டீச்சர் எழுதுவாவ. ஒங்கம்மைக்கு ஆரு பதில் சொல்லுகது? பேசாம கெட மக்கா," என்றபடி பிலோமினா அவளைத் தூக்கினாள்.

எதிரிக் கப்பலில் தனியாக நின்ற தளபதி ரோசம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "காலு தொங்குதுட்டி!" என்று சத்தம் போட்டு, மீசையோடு குதித்து வந்து மேரியின் காலைப் பிடித்துக்கொண்டாள். ராட்சதக் கப்பல் குடைசாய்ந்தது. இரு தரப்புப் படைகளும் ஒன்றாக வெளியேறிவிட்டன. மேடையில் எஞ்சியது நானும், பிரம்பும், அசையாதே என்று நான் சொல்லிவைத்ததால் ஸ்டூல்மேல் நிலவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்ற ஆறாம் வகுப்புப் பெண்ணும்தான்.

"டீச்சர், இப்ப ஆரு ஜெயிச்சா?" என்றது நிலவு.

கொட்டகையே அதிரும்படி சிரிப்பு. ஊருக்கு எடுத்துப்போக வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன்: டிரங்குப் பெட்டி, குடை, பட்டம். இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"பிள்ளைங்க உங்க பேச்சக் கேக்கலியே?"

"கேக்கல மேடம். ஆனா ஒருத்தியையும் விட்டுட்டுப் போகல," என்றேன். என் குரல் அவ்வளவு நிமிர்ந்து ஒலித்ததை அதற்குமுன் நானே கேட்டதில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பௌதிகம் சொல்லிக்கொடுங்க. போரை மட்டும் விட்டுடுங்க," என்றார். வேலை நிரந்தரமாயிற்று.

பின்னால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அண்ணன், காப்பி ஆறிப்போகும்வரை இந்தக் கதையை நடித்தே காட்டினான். வழக்கமாக எல்லாரும் யார் ஜெயித்தது என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை மட்டும், "அந்த நிலாப் பிள்ளைய ஸ்டூல்லேருந்து ஆரு எறக்கிவிட்டா?" என்றார்.

"நான்தான்," என்று சொல்லி, அவர் டம்ளரை மட்டும் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தேன்.

எங்கள் வீட்டில் அவருக்கு இன்றுவரை 'நிலா மாப்பிள்ளை' என்றே பெயர். சனிக்கிரகத்தார் என்று அண்ணன் சொல்வது யாரை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. என் மாமியாரும் இதைப் படிப்பார்.