ஐந்தாவது கிலோமீட்டர்

சரியாக ஐந்தாவது கிலோமீட்டரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மோவாகி வண்டியை ஒரு மொப்பானி மர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தான். பின்னால் மூன்று வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஆறு விருந்தாளிகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவன் சட்டென்று திரும்பி உதட்டின்மேல் விரலை வைத்தான்.

"பேசாதீங்க. அசையாதீங்க."

ஆறு வாய்களும் மூடிக்கொண்டன. மோவாகி தொலைநோக்கியை எடுத்து, ஒன்றுமே இல்லாத ஒரு புதரை மிகுந்த கவலையோடு பார்க்கத் தொடங்கினான். சூடு தணிய இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை ஏன் நின்றோம் என்று யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.

பானட்டுக்கு அடியில் தண்ணீர் கொடகொடவென்று கொதித்தது. நடு வரிசையில் இருந்த அம்மாள் மெல்லக் குனிந்து, அது என்ன சத்தம் என்று கேட்டாள்.

"பறவை" என்றான் மோவாகி. "ரொம்பக் கூச்ச சுபாவம். வெளியில வராது."

அம்மாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பயபக்தியோடு குறித்துக்கொண்டாள்.

எல்லாம் எஞ்சின் மாற்றியதால் வந்த வினை. பன்னிரண்டு வருடம் பிறர் வண்டியில் காடு காட்டிய மோவாகி, சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய திறந்த வண்டியை வாங்கினான். வாங்கிய மூன்றாம் மாதம் அதன் எஞ்சின் உயிரை விட்டது. மௌன் ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில், கழுதைமேல் மோதி நொறுங்கிய பிக்கப் ஒன்றிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, மனைவியின் தாய்மாமன் டீரோ வெல்டிங் வைக்க, இதில் ஏற்றினார்கள். எஞ்சின் பிரமாதமாக இழுத்தது. அதைக் குளிர வைக்க எது வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பழைய ரேடியேட்டரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தார் ரோட்டில் அதுவும் சமாளித்தது. மணலில் இறங்கினால்தான் ஐந்தாவது கிலோமீட்டரில் கொதித்து நின்றது.

இதைவிட மோசமான நேரம் வாய்த்திருக்க முடியாது. ஆற்றோரத்து டாவு முகாமுக்குச் சொந்தமாக நான்கு புது வண்டிகள் உண்டு. ஐந்தாவதாக வெளி வண்டி ஒன்றை மூன்று சீசனுக்கு ஒப்பந்தம் பேசி எடுக்கப்போகிறார்கள். அதற்காக, அங்கே குளிர்காலமான ஜூன் மாதம் முழுக்க மோவாகிக்குப் பரீட்சை. மாதக் கடைசி நாள் முகாம் மேலாளர் கெலாபிலே அம்மாளே ஏறி உட்கார்ந்து பார்ப்பாள். அந்த அம்மாள் சிரித்து மௌனில் யாரும் பார்த்ததில்லை.

தேறினால் மோவாகி தன் வண்டியில் தன் தொழில் பார்ப்பான். தேறாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, பிரான்சிஸ்டவுனில் மனைவியின் அண்ணன் நடத்தும் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போவதாக வீட்டில் பேச்சு. மைத்துனன் நல்ல மனிதன். இப்போதே ஒரு மஞ்சள் ஏப்ரனும் கூடையும் வாங்கிச் சுவரில் மாட்டி, புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மோவாகி தண்ணீர் கேனுடன் இறங்கக் காலை வெளியே வைத்தான். மரத்தின் மேலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி, வண்டிக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அது போனால் இவன் தண்ணீர் ஊற்றலாம். அது போவதாக இல்லை. நாற்பது நிமிடம் நக்கியது. சனியன், போய்த் தொலையேன் என்று மோவாகி பல்லைக் கடித்தான்.

அன்று மாலை விருந்தாளிகள் முகாமின் கருத்துப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கெலாபிலே அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, மோவாகியை ஒரு பார்வை பார்த்து, "ம்" என்றாள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"பெருசா மாட்டுனா பெருசா குளிரும்" என்றார் டீரோ மாமா. "இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்பிள்ளை?"

டீரோ மாமா மௌனில் பாதி வீடுகளுக்குக் கேட் செய்து கொடுத்தவர். லாரி ரேடியேட்டர் ஒன்று கொண்டுவந்தார். அது பானட்டைவிட உயரமாக இருந்ததால் பானட்டை வெட்டினார். அப்போதும் அடங்காததால் பம்பருக்கு வெளியே ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்க வைத்தார். முகாம் டிரைவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். கதவை எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய் மச்சான் என்று ஒருவன் விசாரித்தான்.

கேலி போகட்டும். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கத்துப் புல் ஆள் உயரம் நிற்கும். நிற்பதோடு விதையையும் உதிர்க்கும். அதனால் எல்லா வண்டிக்கும் முன்பக்கம் வலை கட்டுவார்கள். லாரி ரேடியேட்டர் அளவுக்கு வலை எந்தக் கடையிலும் இல்லை. நான்காவது கிலோமீட்டரிலேயே அது முழுக்க விதை அடைத்துக்கொண்டு கொதித்தது.

மோவாகி உதட்டில் விரல் வைத்துவிட்டு, செருப்புத் துடைக்கும் பிரஷ்ஷுடன் இறங்கினான். நான்கு தேய்ப்புத் தேய்ப்பதற்குள் காட்டுநாய்க் கூட்டம் ஒன்று வந்தது. தாவி ஏறிவிட்டான். பதினொரு நாய்களும் வண்டி நிழலிலேயே படுத்து ஒரு மணி நேரம் தூங்கின. அன்றைக்கு நாய்களை அவன் திட்டிய திட்டில் பாதி அவற்றின் அம்மாவைப் பற்றியது.

மாலையில் கெலாபிலே அம்மாள் இரண்டு முறை "ம்" என்றாள்.

வலைதானே, நான் தைத்துத் தருகிறேன் என்று அவன் மனைவி செதுன்யா முன்வந்தாள். சந்தைக்குப் பக்கத்தில் முடி பின்னும் கடை வைத்திருந்தவள் அவள். ஜன்னல் திரைத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தாள். விதை உள்ளே போகவில்லை. காற்றும் போகவில்லை.

காற்று போகாததால் டீரோ மாமா இரண்டு மின்சார ஃபேன்களை மாட்டினார். ஒன்றின் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, மற்றது அதே காற்றை வெளியே தள்ளியது. மூன்றாவது கிலோமீட்டர். எஞ்சினை அணைத்த பிறகும் இரண்டும் போட்டி போட்டுச் சுற்றி, பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட்டன. அந்த நேரம் பார்த்து யானைகள் வந்தன. குட்டியும் தாயுமாக முப்பது. ஓட்டிக்கொண்டு விலகவும் வழியில்லாமல் மோவாகி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்வரிசை ஜெர்மன்காரக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோவாகிக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

யானைகள் போன பிறகு ஆறு பேரையும் இறக்கி மணலில் வண்டியைத் தள்ள விட்டான். அதுவும் கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்து அவர்கள் உற்சாகமாகத் தள்ளினார்கள்.

"முன்னாடிதான் இடமில்ல, விதை வருது, வலை அடைக்குது" என்றார் டீரோ மாமா. "ரேடியேட்டரைப் பின்னாடி கொண்டு போயிடுவோம்."

"பின்னாடி எங்க மாமா?"

"கடைசி சீட்டுக்குப் பின்னாடி. ரேஸ் வண்டிங்கள்ல எல்லாம் அப்படித்தான்."

எந்த ரேஸ் வண்டியில் என்று மோவாகி கேட்கவில்லை. கோழிப்பண்ணை கண்ணில் தெரிகிறபோது மனிதன் எதையும் நம்புவான். சீட்டுகளுக்கு அடியில் நீளக் குழாய்கள் ஓடின. குழாய்க்குள் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீரைச் சுற்ற விடவில்லை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே கொதித்தது. நின்று, ஆறி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் போய், மறுபடி நின்று, அந்த வாரம் முழுக்க இப்படியே கழிந்தது. விடியற்குளிரில் கடைசி வரிசை மட்டும் அடுப்படி மாதிரி கதகதப்பாக இருந்ததால், அந்த இடத்துக்கு ஜெர்மன்காரக் கிழவர் நாலரை மணிக்கே துண்டு போட்டு வைத்தார்.

இருபத்துமூன்றாம் தேதி அப்படி நின்ற இடத்தில் எட்டுச் சிங்கங்கள் வழியை மறித்துப் படுத்துக்கொண்டன. மோவாகிக்குத் திட்டவும் தெம்பு இல்லை. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பின்னால் கேமராக்கள் இரண்டு மணி நேரம் ஓயாமல் சொடுக்கின. மாலையில் கெலாபிலே அம்மாள் புத்தகத்தைப் படித்துவிட்டு "ம்" கூடச் சொல்லாமல் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முடிந்தது கதை என்று அவன் தீர்மானித்துவிட்டான்.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் மூவரும் தட்டில் கூழும் இடித்த இறைச்சியுமாக உட்கார்ந்திருந்தார்கள். டீரோ மாமா அடுத்து கூரையில் தொட்டி கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். செதுன்யா கணவனைப் பார்த்துக் குறுக்கிட்டாள்.

"துமோ அப்பா, ஒண்ணு கேக்கறேன். இந்த எஞ்சின் அந்தப் பிக்கப்புல இருந்தப்பக் கொதிச்சுதா?"

"இல்ல."

"அப்ப அங்க அது முன்னாடி என்ன ரேடியேட்டர் இருந்துச்சு?"

டீரோ மாமா மெல்வதை நிறுத்தினார். மோவாகி மனைவியைப் பார்த்தான். பதினெட்டு நாளாக, மூன்று ரேடியேட்டர் கடைகளில், எட்டுப் பத்து ஆண்பிள்ளைகள் கூடி நின்று பேசிய எந்தப் பேச்சிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

"அதை யாரு கேட்டா" என்றார் டீரோ மாமா மெதுவாக.

இரும்புக் கடைக்காரர், எஞ்சினுக்கு உரிய ரேடியேட்டரையும் ஃபேனையும் அதைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூண்டையும் அப்படியே எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே கொடுத்திருப்பேன், நீங்கள் கேட்கவில்லையே என்று அவரும் சொன்னார். செதுன்யா கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். மாமா எதையாவது கூடுதலாக வெட்டப்போனால் கையைப் பிடித்தாள். முன்னால் பழைய இடத்தில் அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. கடையில் விற்கும் சாதாரண வலையே போதுமானதாக இருந்தது. பானட்டில் வெட்டிய இடத்துக்குப் பச்சைத் தகரம் ஒட்டினார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி மணலில் இறக்கிப் பார்த்தான். ஐந்தாவது கிலோமீட்டர் வந்தது, போனது. பத்தாவதும் போனது. முள் நட்டநடுவில் நின்றது. மோவாகி தனியாக, சத்தம் போட்டுச் சிரித்தான்.

மறுநாள் காலை கெலாபிலே அம்மாள் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் ஆறு பேர். கிழவர் கடைசி வரிசையைத் தடவிப் பார்த்து, சூடு இல்லாததால் சற்று வாடினார். மோவாகி கிளப்பினான்.

அப்படி ஒரு ஓட்டம் அவன் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. ஆழ மணலில் வண்டி அலட்டிக்கொள்ளாமல் போனது. மேட்டில் ஏறியது, வாய்க்காலில் இறங்கியது, வெயில் ஏற ஏற முள் இம்மியும் அசையவில்லை. பன்னிரண்டு வருடத்துக் கூலி வேலையெல்லாம் பின்னால் புழுதியாகப் போவது போல் இருந்தது. வேறு முகாம் வண்டி ஒன்று ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. பாவம், கொதிக்கிறது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, கையசைத்துவிட்டுத் தாண்டினான். கிழவர் தோளைத் தட்டி, அங்கே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"அதெல்லாம் தேவையில்ல ஐயா" என்றான் மோவாகி. "வண்டி எப்படிப் போகுது பாருங்க."

அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. முகாம் வாசலில் நிறுத்தியபோது செதுன்யாவும் டீரோ மாமாவும் காத்திருந்தார்கள். விருந்தாளிகள் தலைமயிரில் புழுதியுடன் பேச்சில்லாமல் இறங்கி, கருத்துப் புத்தகத்தின் பக்கம் திரும்பாமல் குளிக்கப் போனார்கள். கெலாபிலே அம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பச்சைத் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடே இல்ல" என்றாள்.

"ஒரு தடவைகூட நிக்கலம்மா" என்றான் மோவாகி. அவன் நெஞ்சு சட்டைப் பொத்தானை அறுத்துவிடும் போலிருந்தது.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஒப்பந்தம். மூன்று சீசன். கீழே கையெழுத்தும் முத்திரையும் போட்டாகிவிட்டது. செதுன்யா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். டீரோ மாமா தொப்பியைக் கழற்றி, எல்லாம் தன் கைவேலை என்பது போல் நாலு பக்கமும் தலையாட்டினார். செதுன்யா உடனே அண்ணனை அழைத்து, அந்த ஏப்ரனை நீயே கட்டிக்கொள் என்றாள். மோவாகிக்குக் கண் கலங்கியது. தன் வண்டி, தன் காடு, தன் தொழில். இனி அவனை யாரும் முட்டை பொறுக்கக் கூப்பிட முடியாது.

காகிதத்தை இரண்டாம் முறை ஆசையாகப் படித்தபோதுதான் தேதியைக் கவனித்தான். ஜூன் இருபத்துமூன்று.

"அம்மா, தேதி தப்பா விழுந்திருக்கு. அன்னிக்கு என் வண்டி சரியாவே ஆகலியே."

கெலாபிலே அம்மாள் முகாமின் நான்கு புது வண்டிச் சாவிகளையும் எடுத்து பானட்டின்மேல் வரிசையாக வைத்தாள்.

"உன்னோடதையும் சேர்த்து இந்த அஞ்சையும், ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை கொதிக்கிற மாதிரி பண்ணிக் குடு."