என் முன்னிலையில் ஒப்பமிட்டார்

விதிமுறைகளை மனப்பாடம் செய்தவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவன் எப்போதும் மற்றவர்களையே சோதித்துக்கொண்டிருப்பான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வங்கிக் கிளை ஒன்றில் லிகிதராக இருந்த நான் அந்த வகை.

ஒரு நாள் சண்டிலிப்பாய்ப் புகையிலைக் கமக்காரர் செல்லையா, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்கப் பணம் எடுக்க வந்தார். வழக்கமாகப் படிவத்தில் ஒப்பமிட்டு மனைவியிடம் கொடுத்தனுப்புபவர் (அப்படித்தான் நம்பியிருந்தேன்). அன்று என் கண்ணெதிரே ஒப்பமிட்டார். கணக்குத் தொடங்கியபோது வாங்கிய மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிட்டேன். அதில் முத்துமுத்தான எழுத்து. இவருடையதோ, நனைந்த கோழி நடந்துபோன மாதிரி.

“இது உங்கடை ஒப்பம் இல்லை, ஐயா.”

“என்ரை கையாலை போட்டது, தம்பி. பிறகு ஆற்றை?”

காவலாளியைக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். “உவர் எங்கடை செல்லையா அண்ணையெல்லோ! உவரையோ கள்ளன் எண்டிறியள்?”

இவர் உண்மையான செல்லையா என்றால், இரண்டு வருடமாக நான் கொடுத்த பணமெல்லாம் கள்ள ஒப்பத்துக்கா? அத்தனையையும் என் சம்பளத்தில் அல்லவா பிடிப்பார்கள்!

சத்தம் கேட்டு முகாமையாளர் வந்தார். செல்லையா தலையைச் சொறிந்தார்.

“ஒப்பமோ? அது மனிசிதான் போடுறவ. என்ரை எழுத்து வடிவில்லை. அட்டையிலையும் அவதான்.”

“அப்ப அவ எடுத்த காசு?”

“வேறை எங்கை போறது? வீட்டுக்குத்தான் வந்தது.”

போன உயிர் திரும்பியது. திரும்பிய உயிர் சும்மா இருந்ததா? “சேர், பிழை வாடிக்கையாளரின்ரை. வங்கி பொறுப்பில்லை” என்றேன்.

முகாமையாளர் அட்டையைத் திருப்பினார். ‘வாடிக்கையாளர் என் முன்னிலையில் ஒப்பமிட்டார்’ என்ற வரியின் கீழே ஓர் ஒப்பம்.

“ஐசே, உது ஆற்றை?”

என்னுடையது. (அதில் மட்டும் சந்தேகமே இல்லை.)

“இந்தத் தம்பிதான், ‘வீட்டை கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வாங்கோ’ எண்டு அட்டையை மனிசியிட்டைக் குடுத்துவிட்டவர். நல்ல பிள்ளை” என்று செல்லையா பரிந்துரைத்தார்.

கடைசியில் அவரே என்னைக் காப்பாற்றினார். எடுத்த பணமெல்லாம் தனக்குக் கிடைத்ததென்று கடிதம் எழுதி ஒப்பமிட்டார். (எந்த ஒப்பம் செல்லும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பேனா?) முகாமையாளர் புதிய அட்டையை நீட்டினார். இம்முறை மேசையில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை தப்பியது, ஓய்வூதியமும் வருகிறது. அதற்காக ஆண்டுதோறும் நான் உயிரோடிருப்பதாகச் சான்று வாங்கப் புறப்படும்போது என் மனைவி கேட்பார்:

“ஆள் நேரை போகவேணுமோ, இல்லாட்டி நானே போட்டுவிடட்டோ?”